ஆடும் இயந்திரமும் ஆடாத உடலும்

பேரங்காடிகளுக்குச் சென்று வருபவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானதுதான். மின்படிக்கட்டின் அருகே தரையோடு ஒட்டிய சிறு மேடை ஒன்று இருக்கும். அதன்மேல் ஏறி நின்றால் கால் முதல் தலை வரை உடல் நடுங்கும். "பத்து நிமிடம் நின்றால் போதும், ஒரு மணி நேரம் ஓடியதற்குச் சமம்" என்பார் விற்பனையாளர். கொழுப்புக் கரையும், இரத்த ஓட்டம் சீராகும், இனிப்பு நீரும் குறையும் என்று பட்டியல் நீளும். நோகாமல் நுங்கு தின்ன யாருக்குத்தான் ஆசையில்லை?

முழு உடல் அதிர்வு இயந்திரம் எனப்படும் இதனை முற்றிலும் போலி என்று ஒதுக்கிவிட முடியாது. இயந்திரத்தால் உடலை அசைத்துச் சிகிச்சை அளிக்கும் முறையைச் சுவீடன் மருத்துவர் குஸ்தாவ் சாண்டர் 19ஆம் நூற்றாண்டிலேயே நடத்திக் காட்டினார். மேடை அதிரும்போது தசைக்குள் இருக்கும் நுண்ணிய உணர்விகள் தூண்டப்பட்டு, நம் விருப்பத்தைக் கேட்காமலேயே தசைகள் சுருங்கி விரிகின்றன. இதில் மாயம் ஏதும் இல்லை.

சிக்கல், ஆய்வுக்கும் விளம்பரத்துக்கும் இடையில் தொடங்குகிறது. 2001ஆம் ஆண்டு 'நேச்சர்' அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. செம்மறியாடுகளை நாள்தோறும் 20 நிமிடம், நொடிக்கு 30 முறை மெல்ல அதிரும் மேடையில் ஓராண்டு நிற்க வைத்தார்கள். அவற்றின் தொடையெலும்பின் உட்பகுதி அடர்த்தி ஏறத்தாழ 34 விழுக்காடு உயர்ந்தது. பின்னர், மாதவிடாய் நின்ற 202 பெண்களைக் கொண்டு கனடாவில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2011இல் வெளிவந்தது. ஓராண்டு அதிர்வுக்குப் பிறகும் அவர்களின் எலும்பு அடர்த்தியில் பயன் தெரியவில்லை. 2017இல் வந்த மற்றோர் ஆய்வு, அதிர்வு உடற்பயிற்சியைப் போன்ற பலனைத் தந்ததாகக் கூறியது. பலன் கண்டவை, மரபிலேயே பருமனும் நீரிழிவும் கொண்ட எலிகள். ஆட்டுக்கும் எலிக்கும் கிடைத்த பலனை அப்படியே நம் அம்மாவுக்கு விற்பது எந்த வகையில் நியாயம்?

இன்னொரு முரண்பாட்டையும் பாருங்கள். தொழிலிடப் பாதுகாப்பில் முழு உடல் அதிர்வு ஓர் ஆபத்தாகவே கருதப்படுகிறது. லோரி, டிராக்டர் ஓட்டுநர்களுக்கு வரும் முதுகுவலிக்கும் அதற்கும் தொடர்புண்டு என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் அதற்கு அன்றாட உச்ச வரம்பே விதித்தது. அளவும் நேரமும் வேறு என்பது உண்மைதான். ஆனால் அதிர்வு எல்லாருக்கும் எப்போதும் நன்மையே செய்யும் என்று சொல்ல முடியாது என்பதற்கு இதுவே போதுமான சான்று.

எங்கள் தாமானில் உள்ள அத்தை ஒருவர் இப்படியோர் இயந்திரத்தைத் தவணை முறையில் வாங்கினார். அவருக்கு இனிப்பு நீர் உண்டு, விழித்திரையும் பாதிக்கப்பட்டுள்ளது. கருவுற்றவர்கள், இதயமுடுக்கி பொருத்தியவர்கள், இரத்த உறைவு உள்ளவர்கள், விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது என்று அதன் கையேட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. கையேடு முழுவதும் ஆங்கிலம். விற்றவர் தமிழில் இனிக்க இனிக்கப் பேசினாராம். எச்சரிக்கையை மட்டும் யாரும் தமிழில் சொல்லவில்லை.

இது ஓர் அத்தையின் கதை மட்டுமன்று. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். நோய் எங்கே அதிகமோ அங்கேதான் குறுக்குவழி வியாபாரமும் சூடு பிடிக்கும்.

அப்படியானால் இந்த இயந்திரம் யாருக்குத்தான் பயன்படும்? நடக்க இயலாத முதியவர்கள், நோயிலிருந்து மீண்டுவருபவர்கள் போன்றோருக்கு இயன்முறை சிகிச்சையாளரின் கண்காணிப்பில் துணைப் பயிற்சியாக இது உதவக்கூடும். ஆனால் விற்கப்படுவதோ நன்றாக நடக்கக்கூடியவர்களுக்கு, நடக்காமல் இருப்பதற்கு! வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு நாளைக்கு அரை மணி என ஐந்து நாள் விரைந்து நடந்தால் கணக்குத் தீர்ந்தது. காலணியைத் தவிர வேறு செலவில்லை.

நடக்க நேரமில்லை, இரவு வேலை, தாமானில் தெருநாய்த் தொல்லை, பெண்கள் தனியே நடக்க அச்சம் என்று நம் மக்கள் சொல்லும் காரணங்களை வெறும் சோம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. அந்தக் குறைகளைத் தீர்க்க யாரும் வராத இடத்தில்தான் அதிரும் மேடையோடு வியாபாரி வந்து நிற்கிறார். மாலையில் நான்கைந்து பெண்கள் சேர்ந்து நடந்தால் பாதி அச்சம் போய்விடும். அதைத் தொடங்கிவைக்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஒருவர் ஏன் நாமாக இருக்கக் கூடாது? தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டு என்று படித்து வந்த நம்மில் பலருக்கு மூன்று மொழிகள் வாசிக்க வரும். அந்த மூன்று மொழியும் தேர்வுத்தாளுக்கு மட்டுமா? மொழிக் கழகம் ஆண்டுதோறும் பட்டிமன்றமும் கவிதைப் போட்டியும் நடத்துவது நன்று. அத்துடன், நம் வீட்டுக்கு வரும் மருந்துப் புட்டியின் ஒட்டுச்சீட்டையும் இயந்திரக் கையேட்டையும் பெற்றோருக்குத் தமிழில் படித்துச் சொல்வதும் மொழித் தொண்டுதான். அடுத்த விடுமுறையில் வீடு திரும்பும்போது அதைச் செய்யுங்கள். படித்துச் சொன்ன பின், அம்மாவை அழைத்துக்கொண்டு ஓர் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள்.