பாப்பரசர் வாசிக்காத ஒரு சொல்

போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல ஒரு பஞ்சாயத்து. எனக்குப் பொண்ணு பாக்குற விஷயம். அதுக்கு வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்கா, பொறுத்துக்கோங்க.

2022 மே 15. மத்தியானம் ஒன்றரை மணி, ரோமில் காலை பத்து. தக்கலையில எங்க வீட்டு ஹால்ல பத்துப் பதினஞ்சு பேர். எல்லாரும் குடும்பம், பக்கத்து வீடு, எதிர் வீடு. டிவியில வத்திக்கான் பேதுரு சதுக்கத்துல இருந்து திருத்தந்தை பிரான்சிஸ் வைக்கிற பூசை நேரலையா ஓடுது. அன்னைக்கு மொத்தம் பத்து பேருக்குப் புனிதர் பட்டம். அதுல ஒருத்தர் தேவசகாயம். இந்தியாவுல பொதுநிலையினர்ல இருந்து புனிதரான முதல் ஆள்.

எங்களுக்கு அவர் தூரத்து ஆள் இல்ல. பொறந்தது நட்டாலம். வேலை பார்த்தது பத்மநாபபுரத்துல, மார்த்தாண்டவர்மா ராஜாகிட்ட. அந்த அரண்மனைக்கு எங்க ஊர்ல இருந்து நடந்தே போயிரலாம். வேதத்தைச் சொல்லிக் குடுத்தவர் 1741 குளச்சல் போர்ல பிடிபட்ட டச்சுப் படைக்காரர் டிலனாய். அவர் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்ள இருக்கு. அதே புலியூர்க்குறிச்சியிலதான் முட்டிடிச்சான் பாறையும். சின்ன வயசுல அம்மச்சி கையைப் பிடிச்சிட்டுப் போய் அந்தத் தண்ணியைக் குடிக்காத பிள்ளைகள் எங்க பக்கத்துல கம்மி. 1752 ஜனவரி 14-ல ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில சுட்டுக் கொன்னாங்க. கல்லறை கோட்டாறு சவேரியார் கோயில்ல.

இப்படி பஸ் டிக்கெட் தூரத்துல வாழ்ந்து செத்தவரை ரோம் வழியா டிவியில பாக்குறோம். வேடிக்கைதான் :)

பூசை தொடங்கினதுமே சித்தி ஒரு சந்தேகத்தைக் கிளப்பிட்டாங்க. டிவியில பார்த்தா ஞாயிறு கடன் தீருமா? தீராதுன்னு எல்லாருக்கும் தெரியும். அதனால காலையிலயே பங்குக் கோயில்ல ஒரு பூசை கண்டுட்டுத்தான் வந்திருந்தோம். ஆனா அம்மச்சிக்கு இந்தச் சட்டமெல்லாம் கிடையாது. முக்காடு போட்டு, முட்டுவலியோட தரையில முழங்கால் போட்டுட்டாங்க. சோபாவுல சாஞ்சு கிடந்த எனக்கு ஒரு அதட்டு: "லே மக்களே, காலை மடக்கி ஒழுங்கா இரி. பாப்பரசரு பூச வைக்காரு."

லத்தீன்ல பேர்களை வாசிச்சாங்க. தேவசகாயம்னு காதுல விழுந்ததும் ஹால்ல கைதட்டல். மாமா கண்ணைத் துடைச்சார். எனக்கும் தொண்டை அடைச்சதுன்னு சொல்ல வெக்கமில்ல.

அந்தப் பேர்ல ஒரு சொல் குறைஞ்சிருந்தது. 2012 டிசம்பர் 2-ல நாகர்கோவில் கார்மல் பள்ளி மைதானத்துல முத்திப்பேறு பட்டம் குடுத்தப்போ அவர் 'தேவசகாயம் பிள்ளை'. அது சாதிப் பேர், ஒரு புனிதருக்கு அது எதுக்குன்னு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.ஜி. தேவசகாயம் உட்பட பலர் வத்திக்கானுக்கு எழுதினாங்க. புனிதர் பட்டத்துல அந்தச் சொல்லை எடுத்துட்டாங்க. சாதி பாக்காம எல்லாரும் சமம்னு அவர் போதிச்சதை வத்திக்கானே எடுத்துச் சொல்லியிருக்கு. அப்புறம் அந்த வால் எதுக்கு?

அன்னைக்கு எங்க ஹால்ல இதுக்கும் ஏகப்பட்ட வரவேற்பு. "அதுதான் சரி" அப்படின்னு எல்லாரும் தலையாட்டினோம். நான் வாட்ஸப்புல ஸ்டேட்டஸே போட்டேன்.

இப்போ போன ஞாயிறு. தரகர் குடுத்த பாரத்தை அப்பா நிரப்பிட்டிருந்தார். படிப்பு பி.இ., வேலை சாப்ட்வேர், மதம் ஆர்.சி. அடுத்த கட்டத்துல சாதி. பேனா நிக்கவே இல்ல, எழுதிட்டார். அன்னைக்கு அதே ஹால்ல, டிவிக்கு முன்னாடி தலையாட்டின அதே அப்பா.

கோவத்துல சொல்லல. கேட்டேன். "பழக்கவழக்கம் ஒத்துப்போகணும்லா, நாளைக்கு கஷ்டப்படப் போறது நீங்க ரெண்டு பேரும்தானே" அப்படின்னார். அக்கறையில சொல்றார், சந்தேகமே இல்ல. ஆனா பெங்களூர்ல ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டுல, மாவு பாக்கெட் வாங்கித் தோசை சுடுற வீட்டுல, எந்தப் பழக்கவழக்கம் ஒத்துப்போகணும்?

தேவசகாயம் 1745-ல ஞானஸ்நானம் வாங்கினது வடக்கன்குளத்துல. அந்த ஊர்ல அப்புறம் கட்டின கோயிலோட கதை தெரியுமா? ரெண்டு கிளையாப் பிரிச்சுக் கட்டினாங்க. ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார் உள்ளிட்ட மத்தவங்க. பீடம் மட்டும் பொது. 1910-ல சேசு சபை சாமியார்கள் அந்தத் தடுப்பை இடிச்சாங்க. அதை எதிர்த்து வழக்கு மெட்ராஸ் ஐகோர்ட் வரைக்கும் போச்சு. எல்லாரும் ஒரே பூசையைத்தான் பார்த்தாங்க, சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னு.

கோயில்ல இருந்த சுவரை இடிச்சாச்சு. அது இப்போ கல்யாண பாரத்துல ஒரு கட்டமா நிக்குது. அவ்வளவுதான் வித்தியாசம்.

டிவி பூசை கேவலம்னு சொல்ல வரல. அம்மச்சி போட்ட முழங்கால் நெஜம். ஆனா டிவி நம்மகிட்ட எதையும் கேக்காது. கைதட்டலாம், அழலாம், ரிமோட்டை அமுக்கிட்டுச் சாப்பிடப் போகலாம். பாப்பரசர் விட்ட சொல்லை நாமளும் விடணும்னா அது செலவு வைக்கிற வேலை. ரோம் அவங்க பங்கைச் செஞ்சிட்டாங்க. மிச்சம் தக்கலையில கிடக்கு.

எனக்கும் இதுல பங்கு உண்டு. ஸ்டேட்டஸ் போட்ட கை, இத்தனை நாள் அந்தப் பாரத்தைப் பாத்தும் பாக்காத மாதிரி இருந்திருக்கு. இப்போ புதுசா ஒரு பாரம் வாங்கி அந்தக் கட்டத்துல ஒரு கோடு போட்டுக் குடுத்திருக்கேன். இப்படிக் குடுத்தா வரன் வராதுன்னு தரகர் சொல்லிட்டார். அப்பா என்கூடப் பேசி நாலு நாள் ஆச்சு. அம்மச்சி மட்டும் பாரத்தை வாங்கிப் பாத்துட்டு, "பொண்ணு பூசைக்குப் போவாளான்னு கேளு, போதும்" அப்படின்னுட்டாங்க.

உங்க வீட்டு பாரத்துல அந்தக் கட்டம் எப்படி இருக்கு? பின்னூட்டத்துல சொல்லுங்க. அனானியா வந்தாலும் சரி, திட்டினாலும் சரி.