பழைய எஸ்டேட் படங்கள் யாருக்குச் சொந்தம்?

மூணாறில் விளைந்த தேயிலை ஒரு காலத்தில் போடிநாயக்கனூர் வழியாகத்தான் கடலுக்குப் போனது. 1908-ல் வந்த குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் அதை மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை கொண்டுவந்தது. அங்கிருந்து ரோப்வேயில் இறங்கிக் கோட்டக்குடி, பிறகு போடி. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்தது. பாதை திரும்பப் போடப்படவே இல்லை. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறுகிறவர்கள் இன்றும் ‘சென்ட்ரல் ஸ்டேஷன்’ என்று ஓர் இடத்தைக் கடக்கிறார்கள். அந்தப் பெயர்களையும் சில கறுப்பு வெள்ளைப் படங்களையும் கொண்டுதான் அந்த ரயிலை நாம் அறிகிறோம்.

இப்படிப்பட்ட படங்கள் இப்போது ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகின்றன. ரயில் படங்களோடு, 1960 முதல் 1980 வரையிலான எஸ்டேட் படங்களும் வீட்டுப் பெட்டிகளிலிருந்து வெளியே வருகின்றன: காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்கும் பெண்கள், ஏலக்காய் ஸ்டோர் வாசல், மாலையுடன் விடைபெறும் கங்காணி. இவற்றை இணையத்தில் போடலாமா என்று கேட்டால் இரண்டு பதில்கள் கிடைக்கும். ‘எங்கள் வீட்டில் இருக்கும் படம், யார் கேட்பது?’ என்பது ஒன்று. ‘கம்பெனி கேஸ் போட்டுவிடும், எதற்கு வம்பு?’ என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு. முதலாவது சட்டத்தை மதிக்கவில்லை; இரண்டாவது வரலாற்றைப் பெட்டிக்குள்ளேயே கரையான் தின்ன விடுகிறது.

சட்டம் சொல்வது என்ன? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். ஆனால், முதல் உரிமையாளர் அவராகவே இருக்க வேண்டியதில்லை. கம்பெனிச் சம்பளத்தில் இருந்தவர் வேலையின் பகுதியாக எடுத்தது கம்பெனிக்குச் சொந்தம். கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவருக்குச் சொந்தம். போடியிலிருந்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் மேலே போய், ஒரே நாளில் ஒரே சுவர் அருகே இரண்டு குரூப் போட்டோ எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். மேனேஜர் சொல்லி, கம்பெனி பணம் கொடுத்த படம் கம்பெனிக்கு. லய வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எடுத்துக்கொண்ட படம் அவர்களுக்கு. படத்தில் இருக்கும் முகத்தைப் பார்த்தோ, பிரிண்ட் யார் வீட்டில் இருக்கிறது என்று பார்த்தோ இதை முடிவுசெய்ய முடியாது.

அடுத்தது காலக் கணக்கு. 1958 ஜனவரி 21-க்கு முன் எடுத்த படங்களுக்குப் பழைய சட்டப்படி நெகட்டிவ் உருவானதிலிருந்து 50 ஆண்டுகள்தான் உரிமை. 1957-ல் எடுத்த படத்துக்குக்கூட 2007-ல் அது முடிந்துவிட்டது. ஆகவே, குண்டளை ரயில் படங்கள் இந்தியாவில் பொதுச்சொத்து. 1958-க்குப் பிறகு எடுத்தவற்றுக்கு, படம் வெளியானதிலிருந்து 50 ஆண்டுகள் என்று இருந்தது. பின்னர் 60 ஆனது. வெளியிடப்படாமல் ஆல்பத்திலேயே இருந்த படத்துக்கு அந்தக் கணக்கு தொடங்கவே இல்லை. 2012 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், எடுத்தவரின் வாழ்நாளுக்குப் பின் 60 ஆண்டுகள் என்று மாற்றியது. அப்போது உரிமை காலாவதியாகாமல் இருந்த படங்களுக்கும் இந்த நீண்ட கணக்கு பொருந்தும் என்று கொள்வதே பாதுகாப்பு. 1975-ல் எஸ்டேட் விழாவைப் படமெடுத்தவர் 2010-ல் காலமானார் என்றால், அந்தப் படத்தின் உரிமை 2070 முடிவு வரை நீளும்.

புகைப்படக்காரரை எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் சமமாக வைத்த அந்தத் திருத்தம் நியாயமானதே. ஆனால், அதன் பக்கவிளைவு இந்த மலையில் கடுமையாக இருக்கிறது. துரைமார் காலத்து ரயிலும் ரோப்வேயும் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. தொழிலாளர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே படமெடுத்துக்கொள்ளத் தொடங்கிய காலம் பூட்டப்பட்டிருக்கிறது.

சாவி யாரிடம் என்பதும் தெளிவில்லை. மூணாறின் கண்ணன் தேவன் தேயிலைக் கம்பெனியையே பாருங்கள். 1897-ல் தொடங்கியது, ஃபின்லே குழுமத்தின் கையில் இருந்தது, 1964-ல் டாடா கூட்டு சேர்ந்தது, 1983-ல் டாடா டீ ஆனது, 2005-ல் ஊழியர்களும் பங்குதாரர்களான புதிய கம்பெனி தோட்டங்களை ஏற்றது. ஜேம்ஸ் ஃபின்லேயின் பழைய ஆவணங்கள் கிளாஸ்கோ பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கின்றன. பதிப்புரிமை கைமாற எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் வேண்டும் என்பது சட்டம். தோட்டம் கைமாறும்போது தொழிற்சாலையையும் நிலத்தையும் பத்திரத்தில் எழுதுவார்கள். அலுவலகச் சுவரில் தொங்கும் போட்டோவை நினைப்பவர் அரிது. பெரிய கம்பெனிக்கே இந்த நிலை என்றால், போடிக் குடும்பங்கள் கூட்டாக நடத்திப் பிரிந்துபோன ஏலத்தோட்டங்களின் படங்களுக்கு யாரிடம் போய் அனுமதி கேட்பது?

உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புகளுக்காகவே சட்டத்தில் 31அ பிரிவு இருக்கிறது. கட்டாய உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன், நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஆங்கில நாளிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். பதிப்புரிமை வாரியம் மறைந்து, அதன் வேலையை ஏற்ற அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியமும் 2021-ல் கலைக்கப்பட்ட பின், இப்போது நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். தாத்தாவின் குரூப் போட்டோ ஒன்றுக்காகப் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஒரு பெண் இதையெல்லாம் செய்வார் என்று எந்தச் சட்டமும் எதிர்பார்க்கக் கூடாது. நூலகங்களுக்குத் தரப்பட்ட விலக்கும் போதாது: லாப நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் உள்ள படத்தைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம். இணையத்தில் ஊருக்குக் காட்ட அந்த விலக்கு உதவாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் வேறு வழியைத் திறந்தது. விற்பனையில் இல்லாத பழைய படைப்புகளை, புகைப்படங்கள் உட்பட, காப்பகங்களும் நூலகங்களும் லாப நோக்கமின்றி இணையத்தில் வைக்கலாம். ஆறு மாதம் முன்பே பொது அறிவிப்பு தர வேண்டும். உரிமையாளர் எப்போது வந்து மறுத்தாலும் விலக்கிக்கொள்ள வேண்டும். இதில் புகைப்படக்காரரின் உரிமை பறிபோகவில்லை. உரிமை கோர ஆளில்லாத படம் மட்டும் வெளிச்சத்துக்கு வருகிறது. இந்தியாவுக்கும் இதுவே வேண்டும். உள்ளூர் நூலகங்களும் கல்லூரிகளும் பயன்படுத்தும்படியாக, தமிழிலும் மலையாளத்திலும் அறிவிப்பு தரும்படியாக வேண்டும்.

சட்டம் மாறும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. முதல் வேலை, படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்வது. ஸ்டுடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய எண், தேதி, ‘கம்பெனி காப்பி’ என்ற குறிப்பு: உரிமை யாருடையது என்பதற்குப் பெரும்பாலும் அவைதான் சாட்சி. முன்பக்கத்தை மட்டும் போனில் எடுத்துவிட்டு அட்டையைக் குப்பையில் போடுபவர், அறியாமலே ஆவணத்தின் பாதியை அழிக்கிறார். ஸ்டுடியோவோ கம்பெனியோ இன்னும் இருந்தால் ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். எடுத்தவர் பெயர் தெரிந்தால் கட்டாயம் போடுங்கள். அது அவருடைய சட்டப்படியான உரிமை. ஸ்கேன் செய்தவர் தன் பெயரை வாட்டர்மார்க்காக நடுவில் பதிப்பதை நிறுத்த வேண்டும். உழைப்பு மட்டும் பதிப்புரிமை தராது என்று உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. உரிமையாளர் ஆட்சேபித்தால் உடனே எடுத்துவிடுங்கள். தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. வணிக ஆதாயம் இல்லாதபோது தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமும் உண்டு. இந்த வேறுபாடு தெரிந்தால் வீண் பயம் குறையும்.

சட்டம் கேட்காத ஓர் அனுமதியும் உண்டு. பதிப்புரிமையில், படத்தில் இருப்பவருக்கு இடமே இல்லை. கிழிந்த சேலையில், சுமையோடு நிற்கும் ஒரு பெண்ணின் பேத்தி அந்தப் படத்தைப் பெருமையாகவும் நினைக்கலாம், வேதனையாகவும் நினைக்கலாம். பெயர் தெரிந்த குடும்பத்தை முதலில் கேட்பதே மரியாதை.

கம்பெனிகளுக்கும் ஒரு கடமை இருக்கிறது. மூணாறு தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய படங்கள் பார்வைக்கு இருக்கின்றன, நல்ல தொடக்கம். அடுத்த படியாக, தோட்ட நிறுவனங்கள் தங்கள் ஆல்பங்களை லாப நோக்கமற்ற பயன்பாட்டுக்குப் பொது உரிமத்தில் திறந்துவிட ஒரு பக்க அறிவிப்பே போதும். அதனால் அவர்களுக்கு ஒரு கிலோ தேயிலையோ ஏலக்காயோ குறையாது. அந்த மலையை உருவாக்கியவர்களின் பிள்ளைகளுக்கு, தங்கள் முன்னோரின் முகத்தைக் காட்ட எவரிடமும் கெஞ்ச வேண்டாத நிலை வரும். உழைப்புக்குக் கூலி கொடுத்தாயிற்று என்பதால் அந்த முகத்தின் மீதும் உரிமை வந்துவிட்டது என்று எந்த நிறுவனமும் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.