விலக்கு இருந்தும் ஏழைகள் கட்டிய அபராதம்

மருத்துவக் காப்பீடு எடுக்காதவர்களுக்கு அமெரிக்கா அபராதம் விதித்தது. 2010-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் 2014 முதல் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஏழைகள் என்ன செய்வார்கள் என்று கேட்டால், "கஷ்டப்படுவோருக்குத்தான் விலக்கு இருக்கிறதே" என்கிறார்கள். படித்தவர்களிடமும் வேரோடிப்போன நம்பிக்கை இது. நான் இதை ஏற்கவில்லை. கேட்டால்தான் கிடைக்கும் விலக்கு, கேட்கத் தெரிந்தவரை மட்டுமே காப்பாற்றும்.

அபராதம் சிறு தொகையும் அல்ல. 2016-இல் பெரியவர் ஒருவருக்கு 695 டாலர், அல்லது வரி வரம்புக்கு மேற்பட்ட குடும்ப வருமானத்தில் 2.5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டியிருந்தது. சொத்தை ஜப்தி செய்யச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால் திரும்பி வரவேண்டிய வரிப்பணத்தில் பிடித்துக்கொள்ள முடிந்தது. கூலிக் குடும்பங்கள் வாடகை பாக்கியைத் தீர்க்க நம்பியிருப்பது அந்தப் பணத்தைத்தான்.

விலக்குக்கான காரணங்களைப் படித்தால் மனம் இளகும்: வீட்டைவிட்டு வெளியேற்றப்படுதல், நெருங்கிய உறவினரின் மரணம், தீ, வெள்ளம், திவால், அடைக்க முடியாத மருத்துவக் கடன். அவற்றை நிரூபிக்கும் வழியைப் பார்த்தால் அந்த இளக்கம் நிற்காது. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ், இறப்புச் சான்றிதழ், மருத்துவமனை பில்கள் ஆகியவற்றை நகலெடுத்து விண்ணப்பத்துடன் அனுப்ப வேண்டியிருந்தது. பிறகு வரும் சான்றெண்ணை வரிப் படிவத்தில் எழுத வேண்டியிருந்தது. வீடற்றவரிடம் ஆதாரம் கேட்கவில்லை, அது நியாயம். ஆனால் முகவரியே இல்லாதவர் அந்தப் பதில் கடிதத்தை எங்கே போய் வாங்குவார்?

2015 வரி ஆண்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் விலக்குக் கோரினார்களே என்று எதிர்வாதம் செய்வார்கள். வரிப் படிவத்திலேயே நேரடியாகக் கோரக்கூடிய விலக்குகளும் சேர்ந்த கணக்கு அது. அந்த எளிய வழியிலும் ஏழைகள் தவறிப்போனார்கள். முதல் ஆண்டிலேயே 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேவைக்கு அதிகமாக அபராதம் கட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோர் விலக்குக்கு உரிய குறைந்த வருமானக்காரர்கள். இதை வெளிப்படுத்தியது, வரித் துறைக்குள்ளேயே வரி செலுத்துவோருக்காக வாதாடும் அலுவலகம். மிகையாகப் போன தொகை சுமார் 3.5 கோடி டாலர்.

ஆதாரம் கேட்காவிட்டால் பொய்க் கோரிக்கைகள் குவியும் என்பது அடுத்த வாதம். 2018 வரி ஆண்டுக்கு அமெரிக்க அரசே ஆவணம் எதையும் இணைக்காமல், வரிப் படிவத்திலேயே கஷ்ட விலக்கைக் கோர அனுமதித்தது. அபராதம் பூஜ்யமாவதற்கு முந்தைய கடைசி ஆண்டு அது. கடைசி ஆண்டில் முடிந்தது முதல் ஆண்டிலும் முடிந்திருக்கும். சந்தேகப்படும் கணக்குகளைப் பிறகு தணிக்கை செய்யலாம். மற்ற வரிச் சலுகைகளில் நடப்பது அதுதானே?

கூட்டாட்சி அபராதம் 2019-இல் பூஜ்யமானது. ஆனால் மாசசூசெட்ஸ், நியூஜெர்சி, கலிஃபோர்னியா, ரோட் ஐலண்ட் மாநிலங்களும் வாஷிங்டன் நகரமும் சொந்தச் சட்டப்படி இன்றும் அபராதம் விதிக்கின்றன. வருமானம் எவ்வளவு என்பது வரி அலுவலகத்துக்கே தெரியும். தகுதியுள்ளவரைக் கண்டுபிடித்துத் தானாக விலக்களிப்பது அதன் கடமை. துக்கத்திலும் கடனிலும் மூழ்கியவரை முதலில் விண்ணப்பம் எழுத வைக்கும் அரசு, அவரைக் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.