ஜந்தர் மந்தரில் விழும் நிழல்: தலைநகரின் உயரத்தைத் தீர்மானிப்பது யார்?

தில்லி நாடாளுமன்ற வீதியை ஒட்டிய ஜந்தர் மந்தரை அறியாத தமிழ் வாசகர் இருக்க முடியாது. 2017-ல் தமிழக விவசாயிகள் மண்டை ஓடுகளுடன் மாதக்கணக்கில் அமர்ந்து போராடியது அங்கேதான். போராட்டச் செய்திகளில் அடிபடுவது மதிலுக்கு வெளியே உள்ள சாலை. மதிலுக்கு உள்ளே, அந்தப் பெயருக்கு உரிய வானியல் கூடம் இருக்கிறது. ஜெய்ப்பூர் நகரை நிறுவிய மன்னர் சவாய் ஜெய்சிங் 1724-ல் எழுப்பியது அது. சாய்ந்து நிற்கும் பெருஞ்சுவரின் நிழல், இருபுறமும் உள்ள வளைவுகளில் நகர்வதைக் கொண்டு நேரத்தைக் கணித்தார்கள்.

இன்று அந்தச் சுவருக்குக் கீழே நின்று பார்த்தால் அடிவானம் தெரிவதில்லை. எதிரே புதுதில்லி மாநகராட்சி மன்றத்தின் தலைமையகமான பாலிகா கேந்திரம் நிற்கிறது. சுற்றிலும் ஹோட்டல்கள், வங்கிகள், அலுவலகங்கள். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும் வேளையில், கட்டடங்களின் நிழல் கருவிகளின் மீது விழுகிறது. வானத்தை அளக்கக் கட்டிய இடத்திலிருந்து வானம் விலகிப் போய்விட்டது. அப்பகுதியில் கட்டட உயரத்துக்கு அனுமதி வழங்கும் அமைப்பின் தலைமையகமே அந்த வானத்தை மறைக்கும் கட்டடங்களில் முதன்மையானது என்பதுதான் வேடிக்கை.

தலைநகரின் மையப்பகுதி மீண்டும் ஒருமுறை உயரத் தொடங்கியுள்ள நிலையில், இதை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. கன்னாட் பிளேஸில் நின்று பார்ப்பவருக்கு வடகிழக்கே 28 மாடி சிவிக் சென்டர் தெரிகிறது. கோல் டாக்கானா செல்லும் பாபா கடக் சிங் சாலையில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கான புதிய அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. தெற்கே, நௌரோஜி நகரிலும் சரோஜினி நகரிலும், அரசு ஊழியர்களின் ஈரடுக்குக் குடியிருப்புகள் இருந்த இடத்தில் கோபுரங்கள் நிற்கின்றன.

முதல் அலை

கன்னாட் பிளேஸின் வெள்ளைத் தூண் வரிசை 1929-க்கும் 1933-க்கும் இடையே ராபர்ட் டோர் ரஸ்ஸல் வடிவமைத்துக் கட்டியது. இரண்டே தளங்கள். 1962-ல் வந்த முதல் பெருந்திட்டம், வட்டத்தை விட்டுவிட்டு அதிலிருந்து பிரியும் சாலைகளில் உயரக் கட்ட வழிவிட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் பாராகம்பா சாலையிலும் கஸ்தூர்பா காந்தி சாலையிலும் இருந்த பங்களாக்கள் ஒவ்வொன்றாக மறைந்து அலுவலகக் கோபுரங்கள் வந்தன. கஸ்தூர்பா காந்தி சாலைக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் அகர்சேன் படிக்கிணற்றைப் படம் எடுப்பவர்கள், பின்னணியில் அக்கோபுரங்கள் வராமல் எடுக்க முடிவதில்லை.

இந்த அலைக்கு அணை போடவே 1973-ல் தில்லி நகர்ப்புறக் கலை ஆணையச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. முக்கியக் கட்டடங்களின் வரைபடங்கள் ஆணையத்தின் பார்வைக்கு வந்தாக வேண்டும். ஆனால் ஆணையத்தின் பணி ஆலோசனை கூறுவதே. உறுப்பினர்களை நியமிப்பதும் மத்திய அரசு, கருத்து வேறுபாடு வந்தால் இறுதி முடிவு எடுப்பதும் மத்திய அரசு. சட்டம் வந்த பின்னரும் கோபுரங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. அவற்றில் நல்லவையும் உண்டு. கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்து 1986-ல் முடிந்த எல்ஐசியின் ஜீவன் பாரதி, தாழ்ந்த பழைய வட்டத்துக்கும் உயர்ந்த புதிய கட்டடங்களுக்கும் நடுவே திரைச்சீலை போல நிற்க வேண்டும் என்ற எண்ணத்தில் உருவானது. அந்த எண்ணம் நிறைவேறியதா என்பதில் இன்றும் தில்லிவாசிகளிடம் இரு கருத்து இருக்கிறது. இக்கட்டுரையாளருக்கு அது பிடிக்கும்.

இப்போது வந்திருக்கும் இரண்டாவது அலையின் தன்மை வேறு. முதல் அலையில் கட்டியவர்கள் பெரும்பாலும் தனியார். இம்முறை நிலத்தின் உரிமையாளர், கட்டுபவர், விதிகளை வகுப்பவர், அனுமதி வழங்குபவர் எல்லாம் ஒருவரே. அவர் மத்திய அரசு.

விற்றுக் கட்டும் வீடுகள்

2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை தில்லியின் ஏழு அரசு ஊழியர் குடியிருப்புகளை இடித்துக் கட்ட ஒப்புதல் அளித்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் ஆகிய மூன்றும் பொதுத்துறை நிறுவனமான என்பிசிசியிடம் ஒப்படைக்கப்பட்டன. கஸ்தூர்பா நகர், தியாகராஜ் நகர், ஸ்ரீநிவாஸ்புரி, முகமதுபூர் ஆகிய நான்கும் மத்தியப் பொதுப்பணித் துறைக்குப் போயின. இருந்த வீடுகள் 12,970. கட்டப்போகும் வீடுகள் 25,667. கட்டடப் பரப்பு சுமார் 7.5 லட்சம் சதுர மீட்டரிலிருந்து 29 லட்சத்துக்கு மேல் உயரும். மதிப்பீடு 32,835 கோடி ரூபாய்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. பட்ஜெட்டிலிருந்து அல்ல. நௌரோஜி நகரிலும் சரோஜினி நகரின் ஒரு பகுதியிலும் வணிக வளாகங்களைக் கட்டி, அவற்றை விற்று வரும் வருவாயில் ஊழியர் வீடுகளைக் கட்டுவதே திட்டம். அதன்படி நௌரோஜி நகரில் அறுநூறுக்கும் மேற்பட்ட பழைய வீடுகள் இருந்த இடத்தில் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் எழுந்தன. சுமார் 34 லட்சம் சதுர அடி அலுவலக இடம். 2025 ஜனவரி 3-ம் தேதி பிரதமர் அவற்றைத் திறந்து வைத்தார். அதே நாளில் சரோஜினி நகரில் 28 கோபுரங்களில் 2,500-க்கும் அதிகமான வீடுகளும் திறக்கப்பட்டன.

திட்டத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. சுதந்திரம் பெற்ற சில ஆண்டுகளில் கட்டிய வீடுகள் அவை. ஒழுகும் கூரை, உளுத்த கதவு, பெயர்ந்த காரை. ஒதுக்கீட்டுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்து, வாடகை வீட்டிலேயே பணிக்காலத்தைக் கழித்த எழுத்தர்களை இக்கட்டுரையாளர் அறிவார். நகரின் நடுவே இரண்டு மாடியோடு நிற்பது நிலத்தை வீணாக்குவது என்ற வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது.

தமிழர்களுக்கு இது வெறும் நகரமைப்புச் செய்தியும் அல்ல. விநய் நகர் என்று ஒருகாலத்தில் அழைக்கப்பட்ட இந்தப் பகுதி, மத்திய அரசுப் பணிக்காகக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் இரண்டு தலைமுறைகளைத் தாங்கியது. லட்சுமிபாய் நகரில் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியும் சரோஜினி நகரில் விநாயகர் கோயிலும் வந்தது அந்தக் குடும்பங்களால்தான். முற்றத்தில் கறிவேப்பிலைச் செடி, வாசலில் வேப்ப மரம், மாலையில் புல்வெளியில் பிள்ளைகள் என்று இருந்த வாழ்க்கை, லிஃப்ட் ஏறிச் செல்லும் பதினான்காவது மாடியில் அதே வடிவில் தொடராது.

மரங்கள்தான் முதலில் பிரச்சினை ஆயின. ஏழு குடியிருப்புகளிலும் 14 ஆயிரத்துக்கும் அதிகமான மரங்கள் வெட்டப்படும் என்ற செய்தி வந்ததும், 2018 ஜூனில் மக்கள் வீதிக்கு வந்து மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டது. வரைபடங்களைத் திருத்தி மரங்களைக் காப்பாற்றுவதாக அமைச்சகம் அறிவித்தது. கவனிக்க வேண்டும்: வரைபடம் திருத்தப்படக் காரணமாக இருந்தது தெருவும் நீதிமன்றமும். நாடாளுமன்றம் அல்ல.

அவையின் கைக்கு எட்டாத உயரம்

ஏன் அப்படி? தில்லியின் நில விவகாரத்தில் சட்டப்பேரவைக்கு அதிகாரம் இல்லை. 1991-ம் ஆண்டின் 69-வது அரசியல் சட்டத் திருத்தம், நிலம், காவல்துறை, பொது ஒழுங்கு ஆகிய மூன்றையும் மத்திய அரசிடம் வைத்தது. தில்லி வளர்ச்சி ஆணையத்துக்குத் தலைவர் துணைநிலை ஆளுநர். மையப்பகுதியை நிர்வகிக்கும் புதுதில்லி மாநகராட்சி மன்றத்துக்கு வார்டு வாரியான தேர்தல் கிடையாது. ஆக, தலைநகரின் உயரம் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமையும் அதிகாரமும் சேர்ந்து உள்ள ஒரே தேர்தல் மன்றம் நாடாளுமன்றம்தான். சென்னையிலோ மும்பையிலோ ஒரு கட்டடம் பற்றி மாமன்ற உறுப்பினர் எழுப்பும் கேள்வியை இங்கே மக்களவை உறுப்பினர்தான் எழுப்ப வேண்டும்.

அவர் எப்போது எழுப்புவார்? நிதி ஒதுக்கீடு என்பதே நாடாளுமன்றத்தின் வலுவான பிடி. மானியக் கோரிக்கை வரும்போது துறை பதில் சொல்லியாக வேண்டும். நிலைக்குழு ஆராய வேண்டும். (பல துறைகளின் கோரிக்கைகள் விவாதமே இன்றி ‘கில்லட்டின்’ முறையில் ஒரே மூச்சில் நிறைவேறுகின்றன என்பது தனிக்கதை.) ஆனால் வணிகக் கோபுரத்தை விற்று வீடு கட்டினால் மானியம் கேட்க வேண்டியதில்லை. அரசு நிலத்தின் மதிப்பே பணமாகிறது. நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவதற்கும் அவையின் வாக்கெடுப்பு தேவையில்லை. தில்லி வளர்ச்சிச் சட்டத்தின் 11-ஏ பிரிவின்படி அறிவிப்பு வெளியிட்டு, ஆட்சேபங்களைப் பெற்று, அரசாணை பிறப்பித்தால் போதும். முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேலான திட்டம் இப்படி அவையின் பிடிக்கு வெளியே நடந்தேறிவிடுகிறது. நட்சத்திரக் குறி இட்டதும் இடாததுமாகச் சில கேள்விகள் வரும். எண்ணிக்கையோடு பதில்கள் வரும். அதோடு சரி.

ஆட்சேபம் கேட்கும் நடைமுறை எவ்வளவு தூரம் பயன்படும் என்பதற்கு சென்ட்ரல் விஸ்டா திட்டமே சாட்சி. 2019 டிசம்பரில் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு அறிவிப்பு வந்தது. 1,292 ஆட்சேபங்கள் குவிந்தன. அவற்றுக்கான நேரடி விசாரணை 2020 பிப்ரவரியில் இரண்டு நாள்களில் முடிந்தது. மார்ச் 20-ல் அரசாணை வெளியாயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றபோது, 2021 ஜனவரி 5-ம் தேதி மூன்று நீதிபதிகளில் இருவர் திட்டத்தை உறுதி செய்தனர். நீதிபதி சஞ்சீவ் கன்னா மட்டும் மாறுபட்டார். மக்கள் பொருள்பட ஆட்சேபிக்கப் போதுமான விவரங்கள் வெளியிடப்படவில்லை என்றும், பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் முன் ஒப்புதல் பெறப்படவில்லை என்றும் அவர் எழுதினார். சிறுபான்மைத் தீர்ப்பு என்பதால் அது சட்டமாகவில்லை.

அதே சென்ட்ரல் விஸ்டாவில் ஒரு விதியை அரசு தானாகவே ஏற்றுக்கொண்டிருப்பது குறிப்பிடத்தக்கது. புதிய செயலகக் கட்டடங்கள் எதுவும் 42 மீட்டர் உயரமுள்ள இந்தியா கேட்டை மிஞ்சக் கூடாது. 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட கர்த்தவ்ய பவன் கட்டடமும் அந்த வரம்புக்குள் கட்டப்பட்டதே. ராஜபாட்டைக்கு உயர வரம்பு உண்டு. ஊழியர் குடியிருப்புக்கு அப்படி ஒரு கோடு இல்லை. 1988-ல் வரையறுக்கப்பட்ட லூட்யன்ஸ் பங்களா மண்டலத்தில், மூத்த அமைச்சர்களும் நீதிபதிகளும் வசிக்கும் ஒரு தள வீடுகள் ஏக்கர் கணக்கில் தோட்டங்களோடு அப்படியே இருக்கின்றன. நிலம் வீணாகிறது என்ற வாதம் அந்த மதில்களைத் தாண்டி உள்ளே போகத் தயங்குகிறது.

நாடாளுமன்ற உறுப்பினர்கள் விஷயத்தில் மட்டும் அது தயங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எண்பது ஆண்டு கடந்த எட்டு பங்களாக்களை இடித்துக் கட்டிய 76 அடுக்குமாடி வீடுகள் 2020 நவம்பரில் உறுப்பினர்களுக்குத் திறக்கப்பட்டன. பாபா கடக் சிங் சாலையில் கிருஷ்ணா, கோதாவரி, கோசி, ஹூக்ளி என்று நதிகளின் பெயர் தாங்கிய நான்கு கோபுரங்களில் மேலும் 184 வீடுகள் 2025 ஆகஸ்டில் தயாராயின. ஒவ்வொன்றும் சுமார் 5 ஆயிரம் சதுர அடி. அவற்றின் மேல்மாடிச் சன்னல்களிலிருந்து கன்னாட் பிளேஸின் வட்டம் முழுவதும் தெரியும் என்கிறார்கள். அங்கே குடியேறியவர்களாவது உயரம் பற்றி அவையில் பேசுவார்களா என்று பார்க்க வேண்டும்.

பேசுவதற்கு விஷயம் காத்திருக்கிறது. 2007-ல் அறிவிக்கப்பட்ட பெருந்திட்டத்தின் காலம் 2021-டன் முடிந்துவிட்டது. 2041-ஐ இலக்காகக் கொண்ட அடுத்த திட்டத்தின் வரைவு 2021 ஜூனில் வெளியாகி, சுமார் 33 ஆயிரம் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் பெற்றது. 2023 பிப்ரவரி 28-ல் தில்லி வளர்ச்சி ஆணையம் அதற்கு ஒப்புதல் அளித்து மத்திய அமைச்சகத்துக்கு அனுப்பியது. மெட்ரோ நிலையங்களைச் சுற்றி அடர்த்தியாக, உயரமாகக் கட்டுவது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. ராஜீவ் சவுக் நிலையம் கன்னாட் பிளேஸின் நடுப் பூங்காவுக்கு அடியில்தான் இருக்கிறது. நில அதிர்ச்சி அபாயத்தில் நான்காம் மண்டலத்தில் உள்ள நகரம், கோடையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடும் நகரம் எத்தனை மாடி ஏறலாம் என்ற கேள்விக்கு அதில்தான் விடை இருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பாலிகா கேந்திரம் 1984-ல் கட்டி முடிக்கப்பட்டது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்ற அறிவிக்கை வந்தது 1992-ல். அது சட்டத்திலேயே இடம்பெற்றது 2010-ல். ஜந்தர் மந்தருக்கு அந்தப் பாதுகாப்பு காலம் கடந்து வந்தது என்றாலும், எஞ்சிய வானத்தைக் காப்பது அதுதான். அந்த 100 மீட்டருக்குள்ளும் மத்திய அரசின் பொதுப்பணிகளுக்கு விலக்கு அளிக்கும் திருத்த மசோதாவை 2018 ஜனவரி 2-ம் தேதி மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவையில் எதிர்ப்பு எழுந்தது. மசோதா தேர்வுக் குழுவுக்குச் சென்றது. 2019-ல் 16-வது மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியாயிற்று. தலைநகரின் வானம் தொடர்பாக நாடாளுமன்றம் அண்மைக் காலத்தில் உண்மையிலேயே தடுத்து நிறுத்திய விஷயம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதைத்தான் சொல்ல முடியும்.