வரிசையை விற்கிறார்கள்

இரண்டு மாதங்களாக எங்கள் வீட்டில் ஒரு பயண ஆயத்தம் நடந்துகொண்டிருக்கிறது. பாரிசில் வாழும் என் தங்கை கால் நூற்றாண்டாக அழைத்துக்கொண்டிருந்த பயணம் அது. போர், பாதை மூடல், பத்திரிகை வேலை, பிள்ளைகளின் பரீட்சை, கொரோனா, பொருளாதார நெருக்கடி என்று ஒவ்வொரு முறையும் ஏதோவொன்று குறுக்கே வந்தது. வருகிற ஓகஸ்டில்தான் கைகூடும் போலிருக்கிறது. நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் நால்வராக நாட்டைவிட்டு வெளியே செல்வது இதுவே முதல் முறை.

திருநெல்வேலி என்றதும் அல்வாவை நினைக்கும் தமிழக வாசகர்களுக்கு ஒரு சொல். நான் எழுதுவது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து. எங்கள் ஊரார் வாயில் அது 'தின்னவேலி'. இங்கே நான் கலைப்பட்டம் பெற்ற பல்கலைக்கழகம் இருக்கிறது. பெரிய மரக்கறிச் சந்தை இருக்கிறது. சற்று நடந்தால் நல்லூர்க் கோயில் இருக்கிறது. இராட்சத ஊஞ்சலும் உருளும் தொடருந்தும் கொண்ட களியாட்டப் பூங்கா எதுவும் இல்லை. ஆகவே ஈபெல் கோபுரமோ லூவர் அருங்காட்சியகமோ என் பிள்ளைகளின் கனவில் வரவில்லை. அவர்களுக்கு வேண்டியது டிஸ்னிலாண்ட் மட்டுமே.

பாரிசுக்குக் கிழக்கே ஏறத்தாழ 32 கிலோமீற்றர் தொலைவில், ஒரு காலத்தில் பீற்றுக்கிழங்கு விளைந்த வயல்வெளியில், 1992 ஏப்ரல் 12ஆம் திகதி திறக்கப்பட்ட பூங்கா அது. 2002இல் அதனருகே இரண்டாவது பூங்காவும் வந்தது. இரண்டுக்குமாக ஆண்டுதோறும் வருவோர் தொகை ஒரு கோடிக்கும் மேல். அங்கே போவதைத் திட்டமிடுவது இலேசான காரியமன்று என்பதை என் மருமகன் அனுப்பிய அட்டவணையைப் பார்த்தபின்தான் அறிந்தேன். தங்கையின் மகன், கணினித்துறையில் வேலை. எந்த நாளில் நுழைவுச்சீட்டு மலிவு, எந்த மணிக்கு எந்த விளையாட்டில் கூட்டம் குறைவு, எங்கே சாப்பிடுவது என்று எல்லாவற்றையும் நிரல் நிரலாக எழுதியிருந்தான். அதில் ஒரு நிரலுக்கு 'பிறீமியர் அக்செஸ்' என்று தலைப்பிட்டிருந்தான். என்னவென்று தொலைபேசியில் கேட்டேன்.

"மாமா, அது காசு கட்டினால் கியூவிலை நிக்கத் தேவையில்லை. வேறை வாசலாலை நேரை உள்ளுக்குப் போகலாம். கியூவிலை நிக்கிறதுக்கே நீங்கள் பிளேனேறி வாறியள்? காசை நான் தாறன்."

அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் இளைய மகளுக்குப் பதின்மூன்று வயது. அவள் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "அப்பா, அப்பிடிப் போனால் பின்னுக்கு நிக்கிற ஆக்கள் ஏச மாட்டினமோ?"

2022ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசையைக் கண்டவள் அவள். மோட்டார் சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டு நான் விடிய விடியக் காத்திருந்தபோது, தாயோடு வந்து போத்தலில் தேநீர் தந்துவிட்டுப் போன பிள்ளை. அந்த வரிசைகளில் நின்றபடியே மயங்கி விழுந்து இறந்தவர்களைப் பற்றி நாங்கள் செய்தி எழுதினோம். அங்கே யாராவது ஆயிரம் ரூபாவை நீட்டிவிட்டு முன்னே போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதே ஆண்டு ஜூலையில் கியூஆர் அட்டை முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20 என்று பங்கிட்டார்கள். குறைபாடுகள் இருந்தன. ஆயினும் ஒரே வகை வாகனம் வைத்திருந்த எல்லோருக்கும் ஒரே அளவு என்ற நியாயத்தை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். சண்டைகள் தணிந்தன.

என் தலைமுறையின் வாழ்க்கை வரலாற்றை வரிசைகளைக் கொண்டே எழுதிவிடலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் வரிசை. கிளாலிக் கடல்நீரேரியைக் கடக்கப் படகுக்கு வரிசை. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபின் சங்கக்கடை வாசலில் சீனிக்கும் மாவுக்கும் வரிசை. அவற்றை நினைத்து ஏங்குபவன் அல்லன் நான். யாரும் அப்படி நிற்கக்கூடாது என்றே விரும்புகிறேன். ஆனால் நிற்கவேண்டி வந்த காலத்தில், பேராசிரியரும் சந்தையில் மூட்டை சுமப்பவரும் வந்த ஒழுங்கில் முன்பின்னாக நின்றார்கள் என்பதையும் மறக்கமாட்டேன். பின்கதவால் பெற்றுக்கொண்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் அதை ஒளித்தே செய்தார்கள். அது பிழை என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது.

இன்று அந்தப் பின்கதவுக்கு அழகான பெயர்ப்பலகை மாட்டி, விலைப்பட்டியலும் ஒட்டி, முன்வாசலுக்குப் பக்கத்திலேயே திறந்து வைத்திருக்கிறார்கள். என் வழக்கு அதனோடுதான்.

இது எப்படி வந்தது என்று பார்ப்போம். 1999இல் புளோரிடாவில் டிஸ்னி நிறுவனம் 'பாஸ்ட்பாஸ்' என்றொரு முறையைக் கொண்டுவந்தது. இயந்திரத்தில் நுழைவுச்சீட்டைக் காட்டினால், இத்தனை மணிக்குத் திரும்பி வா என்று ஒரு துண்டு வரும். அந்த நேரத்தில் போனால் அதிகம் காத்திருக்காமல் ஏறலாம். கட்டணம் எதுவும் இல்லை. நுழைவுச்சீட்டு வைத்திருந்த ஏழைக்கும் செல்வந்தருக்கும் ஒரே உரிமை. பாரிசுக்கும் அது வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பூங்காக்கள் மூடித் திறந்தபின் அந்த இலவச முறை மறைந்தது. 2021இல் பாரிசிலும் அமெரிக்காவிலும் அதன் இடத்தில் கட்டண முறைகள் வந்தன. பாரிசில் நாளுக்கும் விளையாட்டுக்கும் ஏற்ப விலை மாறும். புளோரிடாவில் 2024 ஒக்ரோபரில் அறிமுகமான அதியுயர் சீட்டின் தொடக்க விலை, ஒருவருக்கு ஒரு நாளுக்கு 129 டொலரிலிருந்து 449 டொலர் வரை. நுழைவுக் கட்டணம் வேறு. டிஸ்னியை மட்டும் குறை கூறுவதும் நேர்மையாகாது. சிங்கப்பூர் யூனிவேர்சல் ஸ்ரூடியோவில் 'எக்ஸ்பிரஸ்' உண்டு. கொச்சி வொண்டர்லாவில் 'பாஸ்ட்ராக்' உண்டு. தொழில் முழுவதுமே அந்த வழியில்தான் போகிறது.

"காசுள்ளவர் கட்டுகிறார், உமக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. கணக்குக்காகவே வைத்துக்கொள்ளும் எண்கள் இவை. ஒரு விளையாட்டில் மணிக்கு ஆயிரம் பேர் ஏறலாம். எனக்கு முன்னால் ஐந்நூறு பேர் நிற்கிறார்கள். அரை மணி நேரத்தில் என் முறை வந்துவிடும. இப்போது அந்த ஆயிரம் இருக்கைகளில் நானூறைக் காசு கட்டிய வாசலுக்கு ஒதுக்கிவிட்டால் எங்களுக்கு மிஞ்சுவது அறுநூறு. அதே ஐந்நூறு பேர் ஏறி முடிய ஐம்பது நிமிடம் ஆகும். என்னுடைய இருபது நிமிடம் எங்கே போனது? அதைத்தான் நிறுவனம் விற்றிருக்கிறது. என் நேரம், விற்றவர் வேறொருவர், வாங்கியவர் இன்னொருவர். என்னிடம் யாரும் கேட்கவுமில்லை. இலவச பாஸ்ட்பாசும் பொது வரிசையை நீட்டியது உண்மை. ஆனால் இங்கே இருபது நிமிடம் இழந்தவரின் சட்டைப்பையில் வேறொரு விளையாட்டுக்கான துண்டு இருந்தது. இழப்பும் இலாபமும் எல்லோருக்குமாகச் சுற்றி வந்தன. இன்று இழப்பு ஒரு பக்கமும் இலாபம் மறுபக்கமுமாக நிலைத்துவிட்டன.

விமானத்தில் உயர் வகுப்பு இல்லையா என்று மருமகன் கேட்டான். இருக்கிறது. அவர் கால்நீட்டிப் படுத்து வருகிறார். நான் முழங்காலை மடக்கிக்கொண்டு வருகிறேன். ஆனாலும் இருவரும் ஒரே நேரத்தில்தான் தரையிறங்குகிறோம். அவருடைய வசதிக்காக என் விமானம் தாமதிப்பதில்லை. நல்ல விடுதி, நல்ல உணவு, பெரிய பொம்மை எல்லாவற்றையும் காசுள்ளவர் வாங்கட்டும். மற்றவரின் முறையை வாங்குவது அந்தக் கணக்கில் சேராது.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மருந்து விற்பவருக்கே நோயை வைத்திருக்கும் அதிகாரத்தையும் கொடுத்தால் என்ன ஆகும்? வரிசை நீள நீளத்தான் அதைத் தாண்டும் சீட்டுக்குக் கேள்வி கூடும். கூட்டத்தைக் குறைப்பதும் புதிய விளையாட்டுகளைக் கட்டுவதும் செலவு. கூட்டத்தைத் தாண்டும் வழியை விற்பது வரவு. எந்த நிறுவனமும் வேண்டுமென்றே வரிசையை நீட்டுகிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை. நீளும் வரிசையால் இலாபம் வரும் ஏற்பாடு நல்ல ஏற்பாடு அன்று என்கிறேன்.

முன்னுரிமையே கூடாது என்பதும் என் வாதமன்று. எங்கள் சங்கக்கடை வரிசையில் கர்ப்பிணிகளையும் முதியோரையும் கைக்குழந்தைக்காரரையும் நாங்களே முன்னுக்கு விட்டோம். டிஸ்னி பூங்காக்களிலும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி வசதி உண்டு. 2013இல் நியூயோர்க் செல்வந்தர் சிலர், அந்த வசதியால் முந்திச் செல்வதற்காக மாற்றுத்திறனாளிகளை வழிகாட்டிகளாக வாடகைக்கு அமர்த்தினர் என்ற செய்தி வெளியாகி உலகமே முகம் சுளித்தது. அவ்வாண்டே விதிகளை மாற்றினார்கள். அன்று திருட்டுத்தனம் எனப்பட்ட முந்துதல், இன்று கைத்தொலைபேசியில் ஒரு பொத்தான்.

வரிசை நம்முடைய பிறவிப் பண்பு என்று நான் பெருமையடிக்க வரவில்லை. யாழ்ப்பாணத்தில் சிலருக்கு வரிசையில் நிற்கும் உரிமையே இருக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட சாதியினர் மற்றவர்களைப் போல உள்ளே சென்று வழிபடக் கேட்டுப் போராடினார்கள், அடியும் பட்டார்கள். எல்லோருக்கும் ஒரே வாசல் என்பது இந்த மண்ணில் இரத்தம் சிந்திப் பெற்ற ஒன்று. அதன் அருமை தெரிந்த நாம், இரண்டாவது வாசலை இவ்வளவு இலேசாக ஏற்றுக்கொள்ளலாமா?

நல்லூரைப் பாருங்கள். நாங்கள் பாரிசில் நிற்கப்போகும் ஓகஸ்டில் இங்கே பெருந்திருவிழா நடக்கும். இருபத்தைந்து நாள். தேருக்கு இலட்சக்கணக்கில் சனம். அங்கே அருச்சனைச் சீட்டு ஒரு ரூபா. சிறப்புத் தரிசனம் என்றொரு கட்டண வரிசை கிடையாது. அமைச்சரானாலும் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். திருப்பதியில் 300 ரூபா சிறப்பு நுழைவுச்சீட்டு உண்டு; தமிழகக் கோயில்கள் பலவற்றில் கட்டண வரிசை உண்டு. கடவுளிடமே காசு கொடுத்து முந்தலாம் என்றால் மிக்கி எலியிடம் முந்துவதில் என்ன என்று கேட்பீர்கள். இரண்டும் ஒரே பிழை என்பதே என் பதில். நல்லூரால் முடிவது மற்றவர்களால் ஏன் முடியாது?

தங்கையிடமும் பேசினேன். இரண்டாயிரத்தின் முற்பகுதியில் அவளும் கணவனும் பிள்ளைகளை முதன்முதலாக அங்கே கூட்டிச் சென்றார்கள். கணவன் உணவகச் சமையலறையில் கோப்பை கழுவிய காலம். மாதக்கணக்கில் சேமித்த காசு. கட்டிக்கொண்டு போன புட்டு. வரிசையில் நின்ற நேரமெல்லாம் ஊர்க்கதை சொன்னாளாம். கிளாலிக் கதையை அவன் முதலில் கேட்டது அந்த வரிசையில்தான். அன்று அவனுக்கு முன்னால் ஒரு தனிவாசல் திறந்து, காசுள்ள வீட்டுப் பிள்ளைகள் கையசைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தால் அவன் தாயிடம் என்ன கேட்டிருப்பான்? அதே கேள்வியைக் கேட்கப்போகும் பிள்ளைகள் இன்றும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுள் தமிழ்ப் பிள்ளைகளும் இருப்பார்கள். சமையலறையில் வேலை செய்யும் தகப்பன்மார் இன்னும் இருக்கிறார்கள்.

மருமகனின் அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வாழ்நாளில் ஒரே ஒரு நாள். இரண்டு மணி நேரம் நின்று கால் கடுக்க நானும் விரும்பவில்லை. நான்கு பேருக்கும் அந்தச் சீட்டு எடுத்தால் என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போகும் என்றாலும், காசு என் தடையன்று. அதைத்தான் அவன் தருகிறேன் என்கிறானே. அந்த வாசலால் போகும்போது பின்னால் திரும்பிப் பார்க்கும் என் மகளின் முகத்துக்கு நேரே நான் என்ன சொல்வேன் என்பதுதான் தடை.

ஆகவே அட்டவணையில் அந்த நிரலை அழிக்கச் சொல்லிவிட்டேன். வாசல் திறக்கும் முன்பே போய் நிற்போம். வார இறுதியைத் தவிர்ப்போம். தனியாக ஏறச் சம்மதிப்பவர்களுக்குச் சில விளையாட்டுகளில் இலவசமாகவே தனி வரிசை உண்டு. பெரியவளுக்கு அது போதும். பத்து விளையாட்டுக்குப் பதிலாக ஆறு கிடைத்தால் ஆறு. இரண்டு கைவிசிறி, நான்கு தண்ணீர்ப் போத்தல், தங்கையின் புட்டு. மற்ற நேரத்துக்குக் கதை இருக்கிறது.

பாரிசிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிங்கப்பூரிலும் இருந்து இதைப் படிக்கும் உங்களுள் பலருக்கு அந்தச் சீட்டை வாங்குவது பெரிய காரியமன்று. வாங்க முடிந்தவர் வாங்க மறுத்தால்தான் அந்த வாசல் மூடும். வாங்க முடியாதவரின் மறுப்பை எந்த நிறுவனமும் எண்ணுவதில்லை. அடுத்த முறை பிள்ளைகளோடு போகும்போது இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

மருமகன் இன்னும் சமாதானமாகவில்லை. "சரி மாமா, வந்து நிண்டு பாருங்கோ" என்று சொல்லியிருக்கிறான். நிற்பதாகவே இருக்கிறேன். அவனும் எங்களோடு நிற்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறான்.