நம் ஊரில் என்ன உண்டு?

துருக்கியில் இஸ்னிக் என்னும் அமைதியான ஏரிக்கரைப் பட்டணம் உண்டு. கி.பி. 325-ல் நிசேயா சங்கம் கூடிய ஊர் அதுவே. அங்குள்ள ஏரித் தண்ணீருக்கடியில் பழைய ஆலயமொன்றின் அஸ்திபாரங்கள் கிடப்பது, வானிலிருந்து எடுத்த படங்களால் 2014-ல் தெரியவந்தது.

அந்தப் படங்களைக் கண்ட என் மகன், "அப்பா, நம் ஊரில் இப்படி ஏதாவது உண்டா?" என்றான். பாறசாலையில் பிறந்த நான், "இல்லை" என்றேன். நான் சொன்னது தவறு.

எல்லைக்கு அப்பால், மார்த்தாண்டத்துக்கு அருகே சிதறால் மலை இருக்கிறது. 1956-ல் விளவங்கோடு தாலுகாவோடு அது சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நம் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மலைமேல் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்கு முன், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கி குரத்திகள் என்னும் சமணப் பெண் ஆசிரியை பொன்னணி காணிக்கையாகக் கொடுத்ததை ஒரு கல்வெட்டு கூறுகிறது.

அவர்களுடைய மார்க்கம் வேறு. நாம் அங்கே தொழப் போவதில்லை. ஆயினும் ராஜ்யங்கள் மாறின, எல்லைகள் மாறின. கொடுத்தவளின் பெயரோ அழியவில்லை.

பிரியமானவர்களே, கலியாணத்துக்கும் அடக்கத்துக்கும் மட்டும் ஊருக்கு ஓடிவந்து திரும்புகிறோம். அடுத்த முறை ஒரு காலைப்பொழுதைப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி, அந்த மலையில் ஏறுங்கள். அவர்கள் கேட்கும்போது, என்னைப்போல "இல்லை" என்று சொல்லிவிடாதிருங்கள்.