பொட்டலத்தோடு ஒரு லிட்டர் குவளையும் வேண்டும்

ஜவ்வாது மலையில் சாலை எட்டாத குக்கிராமங்களிலிருந்து நோயாளியை டோலி கட்டித் தூக்கிவரும் நிலை இன்னும் முழுதாக ஒழியவில்லை. அங்கே குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால், சிகிச்சைக்கு ஜமுனாமரத்தூர் போய்ச் சேரும்வரை உயிரைப் பிடித்து வைப்பது ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைப் பொட்டலம்தான். பொட்டலத்தைக் கொடுக்கிறோம், பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறோம். எவ்வளவு தண்ணீரில் கரைப்பது என்பதை வீட்டுச் சொம்பின் பொறுப்பில் விடுவது, பாதி மருந்தை மட்டும் கொடுப்பதற்குச் சமம்.

குடல் எடை பார்ப்பதில்லை, எண்ணிக்கை பார்க்கிறது. தண்ணீர் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகுமா, ரத்தத்திலிருந்து குடலுக்கு வருமா என்பதில் இரு பக்கமும் கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. குளுக்கோஸ் மின்பகுளி அல்ல; கரைந்தாலும் ஒரு மூலக்கூறு ஒரே துகள்தான். சோற்றுப்பு மின்பகுளி, தண்ணீர் பட்டதும் சோடியம், குளோரைடு என்று இரண்டு அயனிகளாகப் பிரிந்துவிடும். அதனால் பொட்டலத்திலுள்ள 2.6 கிராம் உப்பு சுமார் 89 மில்லிமோல் துகள் தருகிறது. அதைப்போல ஐந்து மடங்கு எடையுள்ள 13.5 கிராம் குளுக்கோஸ் தருவதோ 75தான். பொட்டாசியம் குளோரைடையும் சிட்ரேட்டையும் சேர்த்தால் லிட்டருக்கு 245. ரத்தத்தில் இது ஏறத்தாழ 290. குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே குடல்சுவரைக் கடப்பதுதான் தண்ணீரை உடம்புக்குள் இழுக்கிறது; இந்த இடைவெளி அதற்குத் துணை. முன்பு இருந்த 311ஐ உலக சுகாதார நிறுவனம் 2002இல் 245ஆகக் குறைத்ததும், குழந்தைகளுக்குப் பேதியும் வாந்தியும் குறைவதைக் கண்டுதான். அதே பொட்டலத்தை அரை லிட்டரில் கரைத்தால் 490. உடம்பின் தண்ணீரையே அது குடலுக்கு இழுக்கும். கடைகளில் 200 மில்லிக்கான சிறு பொட்டலமும் கிடைப்பது குழப்பத்தைக் கூட்டுகிறது.

மலைவாசிகளுக்கு எதற்கு வேதியியல், ‘ஒரு லிட்டர்’ என்று சொன்னால் போதாதா என்று கேட்கலாம். காரணம் தெரியாத அளவு கைநழுவும். கெட்டியாகக் கரைத்தால் சத்து கூடும் என்று நினைப்பது இயல்பு. பாலுக்கும் கஞ்சிக்கும் அது பொருந்தவும் செய்கிறது. இதற்குப் பொருந்தாது என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியர் காரணத்தோடு சொல்ல வேண்டும். பாட்டில் பானமும் நீர்தானே என்பது அடுத்த கேள்வி. லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை உள்ள குளிர்பானத்தில், அந்தச் சர்க்கரை குடலில் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று உடைந்தபின் அது மட்டுமே 580 மில்லிமோல் துகளைத் தாண்டும். சோடியமோ பெயருக்குத்தான் இருக்கும். பானங்களின் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று போடக்கூடாது என 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. தாமதமானாலும் சரியான காரியம். அந்தப் பானங்களைவிட உப்புப் போட்ட சாமைக் கஞ்சி எவ்வளவோ மேல். மாவுச்சத்தின் மூலக்கூறு பெரிது, எண்ணிக்கையில் குறைவு. ஆனால் பொட்டலத்தின் அளவான சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கஞ்சியிடம் எதிர்பார்க்க முடியாது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1971இல் மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் திலீப் மஹலனாபிஸ் ஓ.ஆர்.எஸ். வகைக் கரைசலால் காலரா சாவை 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தபோது, ஊட்டியவர்கள் பயிற்சியில்லாத உறவினர்கள்தானே? உண்மை. ஆனால் அவர்கள் கையில் கிடைத்தது, முன்பே எடைபோட்டு, பீப்பாய்களில் கரைத்து வைக்கப்பட்ட தண்ணீர். மலையில் அந்த வேலையை நடுராத்திரியில் ஒரு தாய் தனியாகச் செய்கிறாள். ஒரு லிட்டரில் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளையை அங்கன்வாடி வழியாக வீட்டுக்கொன்று கொடுக்க, அரசு பெரிய திட்டம் எதுவும் போட வேண்டியதில்லை.